கம்ப்யூட்டரில் அடித்தது அச்சுக்குப் போகும்போது: கடை குடையாகாமல் பார்த்துக்கொள்வது எப்படி?



சுண்ணாம்புக்குளத்தில் வலை, கயிறு, மிதவை, ஈயக்குண்டு முதலியவை விற்கும் நமது உறுப்பினர் ஒருவர், மழைக்காலம் முடிந்த கையோடு புதிய விலைப்பட்டியல் ஒன்று அச்சடித்தார். ஏரியில் பாடு முறையில் வலை போடுகிறவர்களில் பலர் அவரிடம் கணக்கு வைத்துச் சரக்கு எடுப்பவர்கள். ஆளுக்கு ஒரு பட்டியல் கையில் இருந்தால் பின்னால் பேச்சு வராது என்பது அவர் எண்ணம். கல்லூரியில் படிக்கும் மகன் வீட்டுக் கம்ப்யூட்டரில் அழகாக அடித்துக் கொடுத்தான். அது டி.டி.பி. சென்டர் வழியாகப் பிரஸ்ஸுக்குப் போய், 500 பிரதி அச்சாகி வந்தது. எல்லாம் விநியோகமும் ஆகிவிட்டது.

மூன்றாம் நாள் ஒரு பெரியவர் வந்து ஒரு கிலோ நைலான் கயிறு கேட்டார். பட்டியலை நீட்டி அதில் கண்ட விலையையும் எண்ணி வைத்தார். பார்த்தால் அது அரைக் கிலோவின் விலை. பையன் “½ கிலோ” என்று அடித்திருந்தான். அச்சில் “½” காணாமல் போய் “கிலோ” மட்டும் நின்றது. ஒன்றல்ல, மூன்று சரக்குகளில் இப்படி. “அண்ணே, காகிதத்துல போட்டிருக்கறதுதானே கணக்கு?” என்று பெரியவர் கேட்டபோது நம் உறுப்பினரால் பதில் சொல்ல முடியவில்லை. அந்த விலைக்கே கொடுத்தார். பட்டியலைத் திரும்ப வாங்கி முடிக்கும் வரை, அதைக் கொண்டு வந்த எல்லோருக்கும் அப்படியே கொடுத்தார்.

இதில் யார் மீது குற்றம்? பையன் சரியாகத்தான் அடித்தான். டி.டி.பி. சென்டரில் அதைத் திரும்ப அடிக்கவே இல்லை, மாற்றித்தான் போட்டார்கள். பிரஸ்ஸில் கொடுத்ததை அச்சடித்தார்கள். நம் உறுப்பினரும் புரூப் பார்த்தார். விலைகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார், விலை சரியாகவே இருந்தது. மாறியது அளவு. ஆகவே தவறு ஆட்களிடம் இல்லை, ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் வழியில் நேர்ந்திருக்கிறது. அந்த வழியில் என்ன நடக்கிறது என்பதை நாம் தெரிந்துகொண்டால் இந்த நஷ்டத்தைத் தவிர்க்கலாம். பிட் நோட்டீஸ், பில் புக், லெட்டர்பேட், சங்க உறுப்பினர் கையேடு என்று நம்மில் எல்லோருக்கும் அச்சு வேலை உண்டு. அதனால்தான் இதைச் சற்று விரிவாக எழுதுகிறோம்.

எழுதுவது வேறு, கோர்ப்பது வேறு

நாம் கம்ப்யூட்டரில் கடிதம் அடிக்கப் பயன்படுத்துவது வேர்டு போன்ற எழுது மென்பொருள். அது தட்டச்சுப் பொறிக்குப் பதிலாக வந்தது. அச்சகம் பயன்படுத்துவது பக்க அமைப்பு மென்பொருள். அது ஈய எழுத்தைக் கோர்த்த கம்பாசிட்டரின் இடத்தைப் பிடித்தது. இரண்டிலும் திரையில் எழுத்து தெரிவதால் இரண்டும் ஒன்றே என்று நினைத்துவிடுகிறோம். முதலாவதன் வேலை நாம் சொல்வதைப் பதிவு செய்து வைப்பது. இரண்டாவதன் வேலை எந்த எழுத்து எந்தத் தாளில் எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்று மில்லிமீட்டர் கணக்கில் தீர்மானிப்பது.

அச்சகங்களில் நெடுங்காலம் ஆட்சி செய்தது பேஜ்மேக்கர். ஆல்டஸ் நிறுவனம் 1985-ல் வெளியிட்டது. 1994-ல் அந்த நிறுவனத்தை அடோபி வாங்கியது. 2001-ல் வந்த 7-ஆம் பதிப்போடு பேஜ்மேக்கர் நின்றுவிட்டது. அதற்குப் பதிலாக 1999-ல் இன்டிசைன் வந்தது. ஆனாலும் பழைய கம்ப்யூட்டரும் பழகிய கையும் இருக்கும் இடங்களில் பேஜ்மேக்கர் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. 2007-ல் வேர்டு தன் கோப்பு வகையையே மாற்றிக்கொண்டது. 2001-ல் நின்றுபோன பேஜ்மேக்கருக்கு அந்தப் புதிய வகை தெரியாது. “கோப்பு திறக்கவில்லை, பழைய வகையில் சேவ் செய்து அனுப்புங்கள்” என்று டி.டி.பி. சென்டரில் சொல்வதற்கு இதுதான் காரணம்.

எழுத்துக்குப் பின்னால் இருக்கும் எண்

கம்ப்யூட்டருக்கு எழுத்து தெரியாது, எண் மட்டுமே தெரியும். இந்த எண்ணுக்கு இந்த உருவம் என்று எழுத்துரு, அதாவது ஃபான்ட், சொல்கிறது. பழைய ஏற்பாட்டில் மொத்தம் 256 இடங்களே உண்டு. அவற்றில் முதல் பாதி ஆங்கில எழுத்துக்கும் எண்ணுக்கும் போய்விடும். எஞ்சிய இடத்தில் தமிழை அடக்க வேண்டும். தமிழில் 247 எழுத்து. ஆகவே ஒவ்வொரு நிறுவனமும் தன் வசதிக்கேற்ப ஒரு வரிசையில் அடுக்கியது. ஸ்ரீலிபி ஒரு வரிசை, வானவில் ஒரு வரிசை, பாமினி ஒரு வரிசை. ஒரு கடையின் அலமாரியில் மிளகு இருக்கும் மூன்றாம் தட்டில் அடுத்த கடையில் சீரகம் இருப்பதைப் போல. “மூன்றாம் தட்டில் இருப்பதைக் கொடு” என்று எழுதி அனுப்பினால், எந்தக் கடைக்குப் போகிறதோ அந்தச் சரக்குத்தான் வரும்.

பாமினியை எடுத்துக்கொள்வோம். இலங்கைத் தமிழர்களிடமும் வெளிநாட்டுத் தமிழர்களிடமும் மிகப் பரவிய எழுத்துரு இது. நம் பக்கத்திலும் பல அச்சகங்களில் உண்டு. இதில் “தமிழ்” என்ற சொல் உண்மையில் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கிலச் சிறிய எழுத்தும் ஓர் அரைப்புள்ளியுமாகவே கம்ப்யூட்டரில் கிடக்கிறது. பாமினி ஃபான்ட் இருந்தால் அது “தமிழ்” என்று தெரியும். இல்லாவிட்டால் வெறும் ஆங்கில எழுத்துகள்தாம்.

இப்போது இதில் இருக்கும் ஆபத்தைப் பாருங்கள். வேர்டு மென்பொருள் ஆங்கிலத்துக்காகச் செய்யப்பட்டது. வாக்கியத்தின் முதல் எழுத்தைத் தானாகப் பெரிய எழுத்தாக்கிவிடும். பாமினியில் எஃப் சிறிய எழுத்து “க”, பெரிய எழுத்து “கு”. ஆகவே “கடை” என்று தொடங்கும் வாக்கியம் “குடை” என்று மாறிவிடும். கே சிறிய எழுத்து “ம”, பெரிய எழுத்து “மு”. மடவை மீன் முடவை ஆகிவிடும். அடித்தவர் தவறாக அடித்ததாக நாம் கோபித்துக்கொள்வோம், ஆனால் அவர் சரியாகத்தான் அடித்திருப்பார்.

யூனிகோடு வந்தபின்

இந்தக் குழப்பத்தைத் தீர்க்கப் பலரும் முயன்றார்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு டாம், டாப் என்ற இரண்டு எழுத்து வரிசைகளையும் தமிழ் 99 விசைப்பலகையையும் ஏற்றுக்கொண்டது. டாம் முழுக்கத் தமிழுக்கானது. டாப் தமிழும் ஆங்கிலமும் சேர்ந்தது. உலக மொழிகளுக்கெல்லாம் தனித்தனி எண் கொடுக்கும் யூனிகோடு 1991-லேயே வெளிவந்து, அதில் தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கப்பட்டிருந்தன. 2000-ல் வந்த விண்டோஸிலிருந்து அது வீட்டுக் கம்ப்யூட்டரிலும் இயங்கத் தொடங்கியது. 2010-ல் கோவையில் செம்மொழி மாநாடு நடந்தபோது தமிழக அரசு யூனிகோடைத் தரமாக ஏற்று, யூனிகோடு இயங்காத இடங்களுக்குத் தமிழ் அனைத்து எழுத்துரு 16 என்ற குறியீட்டையும் அறிவித்தது.

இன்று நம் கைபேசியில் அடிக்கும் தமிழ் எல்லாம் யூனிகோடுதான். இதில் தமிழ், தெலுங்கு, ஆங்கிலம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி எண். நம் பகுதிக்கு இது பெரிய வசதி. ஆந்திர எல்லையை ஒட்டிய நமது ஊர்களில் தமிழும் தெலுங்கும் சேர்ந்த நோட்டீஸ் புதிதல்ல. பழைய ஃபான்டில் அடித்த காலத்தில், முழுப் பக்கத்தையும் தேர்ந்தெடுத்துத் தமிழ் ஃபான்டுக்கு மாற்றினால் தெலுங்கு வரி முழுதும் குப்பையாகிவிடும். யூனிகோடில் அது நேராது.

அப்படியானால் பிரச்சினை தீர்ந்ததே என்று கேட்கலாம். வீட்டில் தீர்ந்தது, அச்சகத்தில் முழுதும் தீரவில்லை. பேஜ்மேக்கருக்கு யூனிகோடு தெரியாது. யூனிகோடு தமிழை அதில் ஒட்டினால் கேள்விக்குறிகளாகவே வரும். ஆகவே டி.டி.பி. சென்டரில் நமது யூனிகோடை ஒரு மாற்றியில் போட்டு, பழைய ஃபான்டுக்கு மாற்றி, பிறகு பக்கம் அமைக்கிறார்கள். என்.எச்.எம். கன்வெர்ட்டர், பொங்குதமிழ் போன்றவை இவ்வகை மாற்றிகள். பலருக்கும் பெரிதும் உதவியவை. ஆனால் எந்த மாற்றியும் தனக்குத் தெரிந்த எழுத்தை மட்டுமே மாற்றும். நம் சுண்ணாம்புக்குளம் உறுப்பினரின் பட்டியலில் நடந்தது இங்கேதான்.

மாற்றத்தில் தவறும் இடங்கள்

1. பின்னக் குறிகள். பையன் அடித்தது 1, சாய்கோடு, 2. வேர்டு அதைத் தானாக “½” என்ற ஒற்றைக் குறியாக்கிவிட்டது. மாற்றி அதைத் தொடாமல் விட்டது. பழைய தமிழ் ஃபான்டில் அந்த எண்ணுக்குரிய இடம் வெறுமையாக இருந்ததால் அச்சில் ஒன்றும் விழவில்லை. வேறு சில ஃபான்ட்களில் அதே இடத்தில் தமிழ் எழுத்து ஒன்று உட்கார்ந்திருக்கும். அதுவாவது கண்ணில் படும். ஒன்றும் இல்லாமல் போவதே ஆபத்து.

2. ரூபாய்க் குறி. 2010-ல் மத்திய அரசு ஏற்ற புதிய ரூபாய்க் குறி, அதற்கு முன் செய்த ஃபான்ட்களில் கிடையாது. கட்டமாக வரும் அல்லது மறைந்துபோகும். “ரூ.” என்று அடித்தால் தொல்லை இல்லை.

3. கொம்பும் காலும். பழைய ஃபான்டில் “கெ” என்பதை நாம் எழுதும் வரிசையிலேயே, முதலில் கொம்பு, பிறகு “க” என்று வைத்திருப்பார்கள். யூனிகோடில் முதலில் “க”, பிறகு அதன் குறி. “கொ” என்றால் பழைய ஃபான்டில் கொம்பு, எழுத்து, கால் என்று மூன்று துண்டு. மாற்றி இந்த வரிசையைத் திருப்பிப் போட வேண்டும். சரியாகச் செய்யாவிட்டால் கொம்பு பக்கத்து எழுத்தில் போய் ஒட்டிக்கொள்ளும்.

4. ஔகாரமும் ளகரமும். இதுதான் பலருக்கும் பிடிபடாத இடம். மீன் விலைப்பட்டியலில் “வௌவால்” என்றும் “வெள்ளை இறால்” என்றும் இரண்டு வரி இருப்பதாக வைத்துக்கொள்வோம். பழைய ஃபான்டில் இரண்டிலும் கொம்பு, வ, ள என்ற அதே மூன்று துண்டு. முதலாவதில் ள போன்று இருப்பது ஔகாரக் குறியின் பின்பகுதி. இரண்டாவதில் அது உண்மையான ள. பழையதை யூனிகோடுக்கு மாற்றும்போது விவரம் போதாத மாற்றி இரண்டையும் ஔகாரமாக்கி, வெள்ளையை “வௌ்ளை” என்று செய்துவிடும். தாளில் பார்த்தால் ஏறக்குறைய ஒன்றாகவே தெரியும். ஆனால் கம்ப்யூட்டரில் “வெள்ளை” என்று தேடினால் கிடைக்காது. அகர வரிசையில் அடுக்கினால் வகர வரிசையின் கடைசிக்குப் போய்விடும். ள-வுக்குப் பின் புள்ளியோ வேறு குறியோ வந்தால் அது ஔகாரமாக இருக்க முடியாது என்பது எளிய விதி. நல்ல மாற்றிகள் இதைப் பார்க்கின்றன. ஆனாலும் சௌந்தர், கௌரி போன்ற பெயர்களை ஒரு முறை கண்ணால் பார்த்துவிடுவதே நல்லது.

5. ஆங்கில எழுத்தும் பதிவு எண்ணும். 2017 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள ஜி.எஸ்.டி.யில் நமது பதிவு எண் 15 இடம் கொண்டது. தமிழ்நாட்டு வணிகர்களுக்கு 33 என்று தொடங்கும், எல்லைக்கு அப்பால் ஆந்திராவில் 37. இடையில் ஆங்கில எழுத்துகள் வரும். பில் புக்கின் தலைப்பு முழுவதையும் பாமினி போன்ற ஃபான்டுக்கு மாற்றினால், அந்த ஆங்கில எழுத்துகள் தமிழாகிவிடும். எண்கள் அப்படியே நிற்பதால் அவசரத்தில் பார்ப்பவருக்குச் சரியாகவே தோன்றும்.

6. அகர வரிசை. உறுப்பினர் கையேட்டுக்குப் பெயர்களை அடுக்கும்போது, வெறும் யூனிகோடு எண் வரிசையை நம்பினால் ன-வரிசைப் பெயர் ந-வுக்கு அடுத்தும், ற-வரிசை ர-வுக்கு அடுத்தும் வந்துவிடும். ல, ள, ழ, வ என்றே எண்கள் போகின்றன. நாம் பள்ளியில் படித்த ய, ர, ல, வ, ழ, ள, ற, ன வரிசை வர வேண்டுமானால் தமிழ் அகர வரிசை என்று மென்பொருளுக்குச் சொல்ல வேண்டும், அல்லது கையால் சரி செய்ய வேண்டும்.

மூட்டையின் மேல் பெயர் எழுதுவது

எழுத்து சரியாகப் போனால் மட்டும் போதாது. அமைப்பும் போக வேண்டும். இங்கே பெரிய பதிப்பகங்கள் கையாளும் ஒரு முறை நமக்கும் பயன்படும்.

1977-ல் அமெரிக்கப் பேராசிரியர் டொனால்டு நூத் தமது கணினி நூலின் புதிய பதிப்புக்கு வந்த புரூப்பைப் பார்த்தார். பழைய ஈய அச்சின் அழகு போய், எழுத்துகள் மோசமாக இருந்தன. மனம் பொறுக்காமல், அச்சுக்கோப்புக்குத் தாமே டெக் என்ற மென்பொருளை எழுதத் தொடங்கினார். அதன் மேல் லெஸ்லி லாம்போர்ட் லாடெக்கைக் கட்டினார். 2004-ல் ஜோனதன் கியூ செய்த சீடெக் யூனிகோடை நேராக ஏற்பதால் தமிழும் அதில் கோர்க்கலாம். வேர்டு கோப்பை லாடெக் வடிவத்துக்கு மாற்ற 2006-ல் தோன்றிய பான்டாக் என்ற இலவச மென்பொருளும் உண்டு. சென்னையிலும் புதுச்சேரியிலும் வெளிநாட்டுப் பதிப்பகங்களுக்கு வேர்டு கோப்புகளை வாங்கி அச்சு வடிவத்துக்கு மாற்றித் தரும் நிறுவனங்கள் பல இருக்கின்றன. ஆயிரக்கணக்கானோர் அதில் வேலை பார்க்கிறார்கள்.

இவர்கள் எல்லோரும் கையாளும் அடிப்படை ஒன்றுதான். எழுத்து பெரிதா சிறிதா, கறுப்பா சிவப்பா என்று எழுதி அனுப்புவதில்லை. “இது தலைப்பு”, “இது உள்தலைப்பு”, “இது அட்டவணை” என்று பெயர் குறித்து அனுப்புகிறார்கள். கோடவுனில் மூட்டையின் மேல் “துவரை” என்று எழுதி வைப்பதற்கும், “பச்சைக் கயிறு கட்டிய மூட்டை” என்று நினைவு வைத்துக்கொள்வதற்கும் உள்ள வேறுபாடு இது. கயிறு மாறினால் அடையாளம் போய்விடும். பெயர் எழுதியிருந்தால் யார் வந்தாலும் எடுக்கலாம்.

வேர்டில் இதற்கு ஸ்டைல் என்ற வசதி இருக்கிறது. தலைப்பைத் தடித்த எழுத்தாக்கிப் பெரிதாக்குவதற்குப் பதில், தலைப்பு ஸ்டைலைத் தேர்ந்தெடுத்தால், இன்டிசைனில் கோப்பைக் கொண்டுவரும்போது அந்தப் பெயரும் கூடவே வரும். அச்சகத்தார் ஒரு முறை சொன்னால் எல்லாத் தலைப்பும் ஒரே மாதிரி அமையும். 200 பெயர் கொண்ட கையேட்டில் இது ஒரு நாள் வேலையை ஒரு மணி நேரமாக்கும். 2012-ல் வந்த இன்டிசைன் சி.எஸ்.6 முதல் தமிழ் யூனிகோடும் அதில் சரியாக அமைகிறது. ஆனால் பத்தி அமைப்பில் வேர்ல்டு ரெடி என்ற வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தேர்ந்தெடுக்காவிட்டால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். “எங்கள் இன்டிசைனில் தமிழ் உடைகிறது” என்று சொல்லும் அச்சகத்தாரிடம் இதை நினைவூட்டலாம்.

அச்சகத்துக்குக் கொடுக்கும் முன்

நாம் பட்ட அனுபவத்திலிருந்து உறுப்பினர்கள் கவனிக்க வேண்டியவற்றைத் தொகுத்துத் தருகிறோம்.

முதலாவதாக, அடிக்கத் தொடங்குமுன் அச்சகத்தாரிடம் கேளுங்கள்: பேஜ்மேக்கரா, இன்டிசைனா? யூனிகோடு எடுப்பீர்களா, மாற்றித்தான் போடுவீர்களா? இந்த இரண்டு கேள்வி கேட்டால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். நேராக யூனிகோடு எடுக்கும் அச்சகம் கிடைத்தால் மாற்றும் வேலையே இல்லை.

இரண்டாவதாக, வேர்டில் தானாகத் திருத்தும் வசதிகளை நிறுத்திவிடுங்கள். ஃபைல், ஆப்ஷன்ஸ், புரூஃபிங், ஆட்டோகரெக்ட் ஆப்ஷன்ஸ் என்று போனால், வாக்கிய முதலெழுத்தைப் பெரிதாக்குவது, பின்னத்தை ஒற்றைக் குறியாக்குவது ஆகிய இரண்டும் அங்கே இருக்கும். டிக் குறியை எடுத்துவிட்டால் போதும்.

மூன்றாவதாக, அளவுகளைக் குறியாக எழுத வேண்டாம். அரைக் கிலோவை 500 கிராம் என்றும், கால் கிலோவை 250 கிராம் என்றும் எழுதுங்கள். எந்த ஃபான்டிலும் எண் எண்ணாகவே நிற்கும்.

நான்காவதாக, விலைகளை நேராக நிறுத்த ஸ்பேஸ் பாரைத் தட்டிக்கொண்டே போக வேண்டாம். ஃபான்ட் மாறினால் வரி கலைந்து, ஒரு சரக்கின் விலை அடுத்த சரக்குக்கு நேராகப் போய் நிற்கும். டேப் அல்லது அட்டவணை பயன்படுத்துங்கள். அதேபோல ஒவ்வொரு வரி முடிவிலும் என்டர் அடிக்காமல், பத்தி முடியும்போது மட்டும் அடியுங்கள்.

ஐந்தாவதாக, கடைச் சின்னம், படம் முதலியவற்றை வேர்டுக்குள் ஒட்டி மட்டும் அனுப்பாமல் தனிக் கோப்பாகவும் கொடுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருங்கித் தெளிவு குறையும். டாக்குமென்ட் என்ற வழியில் அனுப்பினால் உள்ளது உள்ளபடி போகும்.

ஆறாவதாக, வேர்டு கோப்போடு அதன் பி.டி.எஃப். பிரதியும் ஒன்று அனுப்புங்கள். வேர்டு கோப்பு அச்சகத்தார் வேலை செய்வதற்கு. பி.டி.எஃப். நாம் அடித்தது எப்படி இருந்தது என்று அவர்கள் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு. பி.டி.எஃப். மட்டும் கொடுத்தால் அதிலிருந்து தமிழை எடுக்கும்போது எழுத்து உடையும்.

ஏழாவதாக, பக்க அளவையும் எண்ணிக்கையையும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். வேர்டில் நாம் ஏ4 தாளில் பார்ப்பது டெம்மி 1/8 அளவுக்கு வந்தால் பக்கம் கூடும். கையேடு பாரம் கணக்கில் அச்சாவதால் 16 பக்கத்துக்கு மேல் ஒரு பக்கம் போனாலும் செலவு கூடும்.

புரூப் பார்ப்பது

பழவேற்காட்டில் டச்சுக்காரர்களின் கெல்டிரியா கோட்டையில் பாதிரியாராக இருந்த ஆபிரகாம் ரோஜேரியஸ், இங்கே கேட்டறிந்ததை வைத்து இந்துக்களின் சமயத்தைப் பற்றி டச்சு மொழியில் ஒரு நூல் எழுதினார். அது 1651-ல் ஹாலந்தின் லைடன் நகரில் அச்சானது. ரோஜேரியஸ் 1649-லேயே காலமாகிவிட்டார். எழுதியவர் கடைசிப் புரூப் பார்க்காமலே நூல் வெளிவந்தது. அவருக்கு வேறு வழி இல்லை. நமக்கோ கைபேசியில் ஐந்து நிமிடத்தில் புரூப் வந்துவிடுகிறது. ஆனாலும் நாம் எப்படிப் பார்க்கிறோம்? கல்லாவில் உட்கார்ந்து, ஒரு கையால் சில்லறை கொடுத்துக்கொண்டே, “ஓகே” என்று பதில் அனுப்பிவிடுகிறோம்.

அந்தக் காலத்துப் பிரஸ்களில் புரூப் பார்க்க இரண்டு பேர் உட்காருவார்கள். ஒருவர் மூலத்தை உரக்கப் படிப்பார், மற்றவர் அச்சானதைப் பார்த்துக்கொண்டே வருவார். புள்ளி, கோடு உள்படச் சொல்வார்கள். விலைப்பட்டியலுக்கு இன்றும் அதைவிட நல்ல வழி கிடையாது. ஒருவரே பார்த்தால் மனம் தான் எழுதியதையே படிக்கும், தாளில் இருப்பதைப் படிக்காது. நம் உறுப்பினர் “கிலோ” என்பதைப் பார்த்தபோதும் அவர் மனம் “அரைக் கிலோ” என்றே படித்திருக்கிறது.

படிக்கும்போது இந்த ஐந்தையும் தனியாகப் பாருங்கள்: அளவு, விலை, பத்து இலக்கத் தொலைபேசி எண், 15 இட ஜி.எஸ்.டி. எண், ஔகாரம் வரும் பெயர்கள். புரூப்பைத் தாளில் எடுத்து, ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்தும் தேதியும் போட்டுக் கொடுங்கள். அச்சகத்தாருக்கும் அது பாதுகாப்பு. ஒரு திருத்தம் செய்தபின் மறுபடியும் முழுதும் பாருங்கள். ஒரு இடத்தைத் திருத்தும்போது இன்னொரு இடம் நகர்வது உண்டு.

முடிவாக

நம் சுண்ணாம்புக்குளம் உறுப்பினர் பட்டியலை மறுபடி அச்சடித்தார். இம்முறை எல்லாம் கிராம் கணக்கில். மகன் மூலத்தை உரக்கப் படிக்க, அவர் புரூப்பைப் பார்த்தார். முதல் பட்டியலில் ஏற்பட்ட நஷ்டத்தை அவர் யாரிடமும் கேட்கவில்லை. “காகிதம் தப்பாப் போச்சுன்னு ஒரு தடவை சொல்லிட்டா, அப்புறம் என் கணக்கு நோட்டையும் அப்படித்தானே பார்ப்பாங்க” என்பது அவர் சொன்ன காரணம்.

கடன் கொடுத்து வாங்கும் ஊரில் அச்சிட்ட தாள் என்பது வாக்குக் கொடுப்பதற்குச் சமம். எழுத்து மாறியது கம்ப்யூட்டரால் என்று வாடிக்கையாளரிடம் சொல்லி நாம் தப்பிக்க முடியாது. இந்த ஆண்டு சங்கக் கையேட்டுக்குப் பெயர் விவரம் அனுப்பும் உறுப்பினர்கள் யூனிகோடில் அடித்து, மேற்சொன்ன முறையில் அனுப்பினால் நமது வேலையும் எளிதாகும், உங்கள் கடையின் பெயரும் நீங்கள் வைத்தபடியே அச்சாகும். அடிக்க வசதி இல்லாதவர்கள் தெளிவாகக் கையால் எழுதிக் கொடுத்தாலும் போதும். நாம் அடித்து, புரூப்பை உங்களிடமே காட்டி, கையெழுத்து வாங்கிய பிறகுதான் அச்சுக்கு அனுப்புவோம்.